குழந்தையின் பசியும் பெற்றோரின் கரண்டியும்
(அங்கத்தினர் கல்விப் பாடம்)



நூல் விலையும் பயிர்க்கடனும் பேசும் இப்பகுதியில் குழந்தையின் ஆகாரத்தைப் பற்றிய பாடம் எதற்கு என்று தாங்கள் வினவலாம். தற்கட்டுப்பாடு இல்லாத இடத்தில் சிக்கனம் இல்லை. சிக்கனம் இல்லாத இடத்தில் கூட்டுறவு இல்லை. அந்தத் தற்கட்டுப்பாடு சங்கத்தில் பங்கு வாங்கும் நாளில் பிறப்பதன்று. மூன்று, நான்கு வயதில், சோற்றுத் தட்டின் முன்னேயே அது வேர்விடத் தொடங்குகிறது.

நம் நாட்டில் மெலிந்த குழந்தைகளே இன்னும் மிகுதி. ஆயினும் ஐந்து வயதுக்குட்பட்டோரில் உயரத்துக்கு மிஞ்சிய எடையுடையோர், தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2015–16இல் 100க்கு 2.1, 2019–21இல் 3.4. இளமையில் ஏறிய எடை பலரிடம் வளர்ந்த பின்னும் நிலைத்து, நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வழிகோலுகிறது.

இயற்கை தந்த அளவுகோல்

பசியையும் நிறைவையும் உணரும் ஆற்றல் சிறு குழந்தைக்கு இயல்பாகவே உண்டு. அமெரிக்காவில் லியான் பிர்ச் என்ற அம்மையார் இதை விரிவாக ஆராய்ந்தார். உணவுக்கு முன் சத்து மிகுந்த பண்டத்தை உண்ட குழந்தைகள், அடுத்து வந்த உணவைத் தாமாகவே குறைத்துக்கொண்டனர். ஆனால் 1987இல் அவர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், தட்டில் மீந்ததையே கவனிக்கவும் பரிசுக்காக உண்ணவும் பழக்கப்பட்ட குழந்தைகளிடம் இவ்வாற்றல் மங்கிவிட்டது. 2000ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், பரிமாறும் அளவு பெருகியபோதும் மூன்று வயதினர் மிகுதியாக உண்ணவில்லை. ஐந்து வயதினர் உண்டனர். இடைப்பட்ட இரண்டாண்டுகளே நமக்குரிய காலம்.

கண்டிப்பாகத் தடுப்பதும் மருந்தன்று. கண்ணெதிரே வைத்து மறுக்கப்பட்ட பண்டத்தின் மேல் ஆசை பெருகுவதை 1999இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பாவை இறுக்கி இழுத்தால் இழை அறும்; தளர விட்டால் நெய்வது சீர்படாது. இதுவும் அதுபோன்றதே.

அதிகாரப் பங்கீடு

நிர்வாகக் குழுவின் அதிகாரம் வேறு. பொதுப்பேரவையின் அதிகாரம் வேறு. எல்லின் சாட்டர் என்ற உணவியலறிஞர் வகுத்த முறையும் இத்தகையதே. எதை, எப்போது, எங்கே உண்பது என்பதைப் பெற்றோர் தீர்மானிக்க வேண்டும். எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தை தீர்மானிக்க வேண்டும்.

நானும் தவறியவனே. தணிக்கை முடிந்து இரவில் வீடு திரும்புகையில், நாளெல்லாம் உடனிராத குறையைப் போக்க, மகளுக்கு இனிப்பு பிஸ்கட் பொட்டலம் வாங்கிச் செல்வேன். “தட்டைக் காலி செய்தால்தான் பிஸ்கட்” என்பேன். அவளுக்கு நான்கு வயதானபோது, அங்கன்வாடிப் பணியாளர் எடை அட்டையை என்னிடம் காட்டினார். ஊரார் கணக்கில் பிழை தேடும் என் கண்ணுக்கு வீட்டுக் கணக்குத் தெரியவில்லையே என்று நாணினேன்.

இப்போது பொட்டலம் இல்லை; இருவரும் தெருக்கோடி வரை நடந்து வருகிறோம். “போதும்” என்று அவள் சொன்னால் தட்டை எடுத்துவிடுகிறோம். உழவர் குடியிற் பிறந்த எனக்கு, மீந்த சோற்றைக் காண இன்றும் மனம் கூசுகிறது. ஆனால் வீணாவதைத் தடுக்க வேண்டிய இடம் குழந்தையின் வயிறன்று, நம் கரண்டியே. முதலில் குறைத்துப் பரிமாறி, கேட்டால் மீண்டும் இடுவோம்.

கைக்கொள்ளத்தக்கவை

1. வேளை தவறாத உணவு. இடையிடையே கொறித்தல் வேண்டாம்.
2. அழுகையை நிறுத்தத் தின்பண்டமோ கைப்பேசியோ தர வேண்டாம். தறியை விட்டு எழ இயலாத தாய்க்கு இது கடினமே. அவ்வேளையில் வீட்டார் துணை நிற்க வேண்டும்.
3. “வயிறு நிறைந்ததா?” என்று கேட்டுப் பழக்குக.
4. மூன்று, நான்கு வயதினர்க்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது: நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி உறக்கம், 3 மணி ஓடியாடல், திரை பார்ப்பது 1 மணிக்கு மேற்படாமை.

எடை மிகுந்த குழந்தையைப் பட்டினி போடலாகாது. மெலிந்த குழந்தைக்கும் நோயுற்ற குழந்தைக்கும் சுகாதாரச் செவிலியரின் யோசனைப்படி நடக்க வேண்டும்.

கூடிப் பேசுவதற்கு: தங்கள் வீட்டில் “போதும்” என்று சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டா? தின்பண்டம் பரிசாகும் வேளைகள் எவை? அடுத்த கூட்டத்திற்கு மனைவி மக்களுடன் வந்து விவாதிக்குமாறு வேண்டுகிறேன்.

— கூட்டுறவு ஆய்வாளர்