நின்ற இதயத்துக்கு பி.பி. பார்க்கலாமா?



மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் படிக்கிற நமக்கும் வைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. முதலில் நான் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்லி விடுகிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் அயோத்தியாப்பட்டணத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர் அப்படியே சரிந்து விழுந்தார். கூட்டம் கூடியது. "பிரஷர் கொறஞ்சிருக்கும், பி.பி. பாருங்கப்பா" என்றார் ஒருவர். பக்கத்து வீட்டிலிருந்து பேட்டரி மிஷின் வந்தது. பட்டையைச் சுற்றி பட்டனை அமுக்கினோம். காற்று ஏறியது, இறங்கியது, 'எரர்' என்று காட்டியது. "மிஷின் ரிப்பேரு போல அண்ணே, இன்னொரு தடவ போடுங்க" என்றார்கள். மூன்று தடவை போட்டோம். 108 வண்டி வந்த பிறகுதான் அவர் நெஞ்சை யாரோ அழுத்தினார்கள். அவர் பிழைக்கவில்லை. பட்டையைச் சுற்றிய கைகளில் என் கையும் ஒன்று. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மிஷின் ஏன் எரர் காட்டியது?

மிஷினில் ரிப்பேர் எதுவும் இல்லை. கைப்பட்டை முறையை 1896-ல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி கொண்டு வந்தார். 1905-ல் ரஷ்ய மருத்துவர் கொரட்காவ், பட்டையைத் தளர்த்தும்போது ரத்தக்குழாயில் கேட்கும் சத்தத்தை வைத்து அழுத்தத்தைக் கணக்கிட்டார். பேட்டரி மிஷினோ, ஒவ்வொரு துடிப்புக்கும் பட்டைக்குள் உண்டாகும் சிறு அதிர்வைப் பிடிக்கிறது. இரண்டுக்கும் துடிக்கிற இதயம் வேண்டும். துடிப்பே நின்ற பிறகு மிஷின் எதைப் பிடிக்கும்? நெஞ்சை அழுத்திக் கொண்டிருக்கும்போது போட்டாலும், உடம்பு குலுங்குவதால் வரும் எண்ணை நம்ப முடியாது.

அப்படியானால் அளக்கவே முடியாதா?

பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் முடியும். மணிக்கட்டு அல்லது தொடைத் தமனிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, அதைத் திரவம் நிரம்பிய டியூப் வழியாக டிரான்ஸ்டியூசரில் இணைப்பார்கள். உள்ளே இருப்பது நாம் லேபில் பார்க்கும் ஸ்ட்ரெயின் கேஜும் வீட்ஸ்டன் பிரிட்ஜும்தான். அதை இதயத்தின் மட்டத்தில் வைக்க வேண்டும். 10 செ.மீ. ஏறினாலோ இறங்கினாலோ 7 மி.மீ. பாதரச அளவுக்கு மேல் தப்பு வரும்.

இதில் முக்கியமானது கீழ் அளவு. இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் கையைத் தளர்த்தும் நேரத்தில்தான் போகிறது. அந்தக் கீழ் அளவு 25 மி.மீ.-க்கு மேல் இருக்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கத்தின் நிபுணர்கள் 2013-ல் பரிந்துரைத்தார்கள். குறைந்தால் ஆளை மாற்றுவார்கள், அழுத்தும் ஆழத்தைச் சரி பார்ப்பார்கள். அங்கேயும் குழாய் போடுவதற்காக அழுத்துவதை நிறுத்துவதில்லை. இதயம் மறுபடி துடித்த பிறகே கைப்பட்டைக்கு வேலை வருகிறது.

கண்டுபிடித்தவர்கள் யார்?

இங்கேதான் நம் சம்பந்தம் வருகிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கூவன்ஹோவன் என்பவர் எலெக்ட்ரிக்கல் எஞ்சினியரிங் பேராசிரியர். லைன்மேன்கள் ஷாக் அடித்து இறப்பதைத் தடுக்க அவர் ஆராய்ச்சி செய்து வந்தார். 1958-ல் அவரது மாணவர் நிக்கர்பாக்கர், துடிப்பு நின்ற ஒரு நாயின் நெஞ்சில் மின்தகடுகளை அழுத்தி வைத்தார். கரண்ட் கொடுக்கும் முன்பே, அழுத்திய அழுத்தலில் தமனியின் ரத்த அழுத்தம் ஏறுவதைக் கவனித்தார். அறுவை மருத்துவர் ஜூடும் சேர்ந்து 1960-ல் மூவரும் இதை வெளியிட்டார்கள். இன்றைய சி.பி.ஆர். முறையில் நெஞ்சை அழுத்துவது இப்படித்தான் பிறந்தது. நின்ற இதயத்துக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் வேலையை அவர்கள் அன்றே நமக்காகச் செய்து விட்டார்கள். ரோட்டோரத்தில் நாம் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியது:

1. ஷாக் அடித்தவர் என்றால் முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள். அதுவரை அவரைத் தொடாதீர்கள்.

2. தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பேச்சில்லை, சரியான மூச்சில்லை என்றால் இதயம் நின்றதாகவே கொள்ளுங்கள். விட்டு விட்டு வாயைத் திறந்து திணறுவது மூச்சல்ல.

3. ஒருவர் 108-க்கு போன் செய்யட்டும்.

4. தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து 5 முதல் 6 செ.மீ. ஆழம் அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுதாக மேலே வர விடுங்கள்.

5. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஆள் மாறுங்கள். அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவி கிடைத்தால் உடனே பொருத்துங்கள்.

பயிற்சி இல்லாதவர்கள் பெரியவர்களுக்கு அழுத்துவதை மட்டும் செய்தால் போதும் என்று 2017-ல் இந்திய மயக்கவியல் மருத்துவர்களின் வழிகாட்டுதலும் கூறியது. குழந்தைகளுக்கும், தண்ணீரில் மூழ்கியவர்களுக்கும் வாய்வழி மூச்சும் தேவை. அதைப் பயிற்சி பெற்றுத்தான் செய்ய வேண்டும்.

ஒன்றும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அயோத்தியாப்பட்டணத்திலிருந்து சேலம் அரசு மருத்துவமனைக்கு சுமார் 10 கி.மீ. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

நம் யூனியன் சார்பில் வருஷத்துக்கு ஒரு நாள், எல்லாத் துறை மாணவர்களுக்கும் இந்தப் பயிற்சியை நடத்த வேண்டுமாய்க் கேட்டுக் கொள்கிறேன். அடுத்த தடவை யாராவது "பி.பி. பாருங்கப்பா" என்றால், "அப்புறம் பார்க்கலாம்ணே, நெஞ்சை அழுத்தணும், கொஞ்சம் தள்ளுங்க" என்று சொல்ல நம்மில் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும்.