டெரிகாட்டன் சட்டைக்கு மோசே தடை போடவில்லை

நம்பிக்கை: இருவகை நூல் கலந்த எந்தத் துணியையும் உடுத்தக் கூடாது என்கிறது பைபிள். மீறினால் மரண தண்டனை.

2000-ஆம் ஆண்டு அக்டோபரில், 'தி வெஸ்ட் விங்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஒரு காட்சி வந்தது. பைபிளைக் காட்டி ஊரைக் கண்டிக்கும் வானொலிப் பேச்சாளர் ஒருவரைக் கதையின் ஜனாதிபதி மடக்குகிறார். இரண்டு வகை நூலில் ஆடை உடுத்திய என் தாயைக் கொளுத்தலாமா என்பது அவர் கேள்விகளில் ஒன்று. கைதட்டல் வாங்கும் வசனம்தான். ஆனால் அப்படியொரு தண்டனை பைபிளில் எங்குமே இல்லை. இந்தத் தடை வரும் இடங்கள் இரண்டு: லேவியராகமம் 19:19, உபாகமம் 22:11. இரண்டிலும் 'உடுத்தாதே' என்பதோடு சரி. கசையடி என்பது பிற்கால யூதச் சட்ட அறிஞர்களான ரபீகள் சேர்த்தது.

எந்த நூல் என்பதிலும் குழப்பம் வேண்டியதில்லை. எபிரேய மூலத்தில் வரும் சொல் 'ஷாட்னெஸ்'. உபாகமம் அதை விளக்கிவிடுகிறது: ஆட்டுக் கம்பளியும் லினனும் சேர்ந்தது. சுமார் கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா, இந்த இரண்டைத் தவிர வேறெதற்கும் தடையில்லை என்று கறாராகச் சொல்கிறது. ஒட்டக ரோமத்தையும் ஆட்டு ரோமத்தையும் கலந்து நூற்று, அதில் ஒட்டகம் அதிகமாக இருந்தால், லினனோடு சேர்க்கலாம் என்று கணக்குப் போடும் அளவுக்கு நுணுக்கம். ஆக, பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த சட்டைக்காரர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

தமிழ் வாசகருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பழைய தமிழ் பைபிளில் லினன் சில இடங்களில் 'சணல்நூல்' என்றும், சில இடங்களில் 'மெல்லிய பஞ்சுநூல்' என்றும் வருகிறது. சணல் என்றதும் நமக்குச் சாக்குப்பை நினைவுக்கு வரும். பஞ்சு என்றால் பருத்தி. இரண்டுமே அல்ல. நாட்டு மருந்துக் கடையில் ஆளிவிதை வாங்குகிறோமே, அந்தச் செடியின் தண்டிலிருந்து உரித்தெடுக்கும் நார்தான் லினன்.

நம்பிக்கை: கம்பளியும் லினனும் சேர்ந்தால் உடம்புக்குக் கேடு.

லினனின் 'அதிர்வெண்' 5000, கம்பளியுடையதும் 5000, இரண்டையும் சேர்த்து உடுத்தினால் பூஜ்யம் என்று ஒரு கணக்கு வலம் வருகிறது. சும்மா கிடக்கும் துணிக்கு ஏது அதிர்வெண்? ஐரோப்பாவிலும் குடியேற்றக்கால அமெரிக்காவிலும் லினன் பாவில் கம்பளி ஊடை கொடுத்து நெய்த 'லின்சி வுல்சி'யைச் சாதாரண மக்கள் பல நூற்றாண்டுகள் உடுத்தினார்கள். குளிருக்கு அடக்கமான, மலிவான துணி அது.

நம்பிக்கை: அந்தக் கலப்பு அசுத்தமானது, அதனால்தான் தடை.

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்தில் தலைமைக் குரு அணியும் ஏபோத்து என்ற மேலுடை எதில் செய்யப்படுகிறது? பொன்னிழை, நீலம், ஊதா, சிவப்பு நூல்கள், கூடவே திரித்த லினன். லினனில் சாயம் எளிதில் ஏறாது. கம்பளி நன்றாகக் குடிக்கும். ஆகவே அந்த வண்ண நூல்கள் கம்பளி என்றே யூத மரபு கொள்கிறது. கச்சையும் அப்படியே. ஆசரிப்புக் கூடாரத்தின் திரைகளும் அப்படியே. சாமானியனுக்குத் தடை செய்த அதே கலப்பு, கடவுளின் கூடாரத்தில் தொங்குகிறது!

முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: அது குருக்களுக்கு மட்டும் உரிய துணி. 12-ஆம் நூற்றாண்டின் யூதச் சிந்தனையாளர் மைமோனிடிஸ் வேறு காரணம் சொன்னார்: சிலை வழிபாட்டுப் பூசாரிகள் அப்படி உடுத்தியதால் தடை என்று. பெரிய அறிஞர்தான், ஆனாலும், அப்படியானால் கடவுளின் சொந்தக் குருக்களே ஏன் அதை உடுத்தினார்கள் என்ற கேள்வி அந்த விளக்கத்தை விடாமல் துரத்துகிறது. எனக்கு யோசேப்பஸின் பக்கமே வலுவாகத் தெரிகிறது. காரணம், உபாகமத்தில் இரண்டு வசனம் முன்னால் இருக்கிறது. திராட்சைத் தோட்டத்தில் வேறு விதை கலந்து விதைத்தால் விளைச்சல் என்னவாகும் என்று அங்கே வருகிறது. மொழிபெயர்ப்புகள் பலவும் 'தீட்டாகும்' என்ற பொருளில் எழுதுகின்றன. மூலத்தில் இருக்கும் வினைச்சொல்லோ 'புனிதமாகும்' என்பது. விளைச்சல் கடவுளுக்கு உரியதாகி உன் கையை விட்டுப் போய்விடும் என்று அர்த்தம். அதாவது கலப்பு அசுத்தமல்ல, புனித இடத்துக்கு உரியது. லேவியராகமத்துக்கு விரிவான உரை எழுதிய ஜேக்கப் மில்க்ரோம் இதை மேலும் நீட்டினார். சாதாரண இஸ்ரவேலனும் மேலாடை ஓரத்தில் நீலக் கம்பளி இழை ஒன்றைக் குஞ்சமாகக் கட்டிக்கொள்ள வேண்டும்; லினன் மேலாடையில் அது குருவின் உடையிலிருந்து அவனுக்குக் கிடைத்த சிறு பங்கு என்பது அவர் வாதம்.

நம்பிக்கை: இன்று யாரும் இதைப் பின்பற்றுவதில்லை.

யூதரல்லாத கிறிஸ்தவர்களை இது கட்டுப்படுத்தவில்லை என்பது அப்போஸ்தலர் காலத்திலேயே முடிந்துபோன விவகாரம். ஆசாரமான யூதர்கள் இன்றும் விடுவதில்லை. நியூயார்க்கிலும் எருசலேமிலும் இதற்கென்றே பரிசோதனைக் கூடங்கள் உண்டு. கம்பளிக் கோட்டில் வில்லங்கம் பெரும்பாலும் காலருக்குள் இருக்கும். விறைப்புக்காக வைக்கும் உள்துணி லினனாக இருக்கலாம், லேபிளில் அது வராது. தையலைக் கொஞ்சம் பிரித்து ஓர் இழையை உருவி நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். கம்பளி இழையில் செதில் செதிலாகத் தெரியும். லினன் இழையில் மூங்கில் போலக் கணுக்கள். கணு தென்பட்டால் உள்துணியைக் கழற்றிவிட்டு வேறு வைத்துத் தைத்துக் கொடுப்பார்கள். கோட்டு தப்பித்தது.