கொள்ளு: மருந்தல்ல, நல்ல உணவு

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது நாம் அறிந்த பழமொழி. மழை குறைந்த காலத்திலும், வளமில்லாத மண்ணிலும் விளையும் மானாவாரிப் பயிர் கொள்ளு. தென் மாவட்டங்களில் இதைக் காணம் என்பர். குதிரைத் தீனி என்று சிலர் ஒதுக்கினாலும், கொங்கு நாட்டில் கொள்ளுப் பருப்பும் கொள்ளு ரசமும் இன்றும் அன்றாட உணவு. நாம் வாழும் நாடுகளில், இந்தியக் கடைகளில் 'ஹார்ஸ் கிராம்' அல்லது 'குல்தி' என்ற பெயரில் கிடைக்கும்.

சத்துக்கள்

100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் உள்ளது. தீட்டிய அரிசியில் சுமார் 7 கிராம்தான். கொள்ளில் கொழுப்பு மிகக் குறைவு. நார்ச்சத்து, இரும்பு, சுண்ணாம்புச் சத்துக்கள் அதிகம். அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் கொள்ளில் நிறைய இருப்பதால், இரண்டையும் சேர்த்து உண்பது நல்லது.

யாருக்கு உதவும்?

நீரிழிவு உள்ளவர்கள் தட்டில் சோற்றின் அளவைக் குறைத்து, அந்த இடத்தில் கொள்ளைச் சேர்க்கலாம். நார்ச்சத்தும் புரதமும் இருப்பதால் சர்க்கரை மெதுவாக ஏறும். பசியும் சீக்கிரம் எடுக்காது. சோற்றைக் குறைக்காமல் கொள்ளையும் கூடுதலாக உண்டால் எடை குறையாது.

சைவ உணவு உண்ணும் பெண்களுக்கும், வளரும் பெண் பிள்ளைகளுக்கும் இரும்புச்சத்து கிடைக்கும். பருப்பு வகைகளில் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்காது. எலுமிச்சைச் சாறு அல்லது தக்காளி சேர்த்தால் கூடுதலாக ஏற்கும். சாப்பிட்டவுடன் தேநீர், காப்பி அருந்துவதைத் தவிர்க்கவும்.

சமைக்கும் முறை

கல் நீக்கிக் கழுவி, இரவு முழுவதும் ஊற வைக்கவும். அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குக்கரில் நன்கு குழைய வேக வைக்கவும். வெந்த நீரில் ரசம் வைக்கலாம். பருப்பைச் சின்ன வெங்காயம், சீரகம், பூண்டு, மிளகாயுடன் கடையலாம். முளைகட்டினால், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பச்சையாகக் கொடுக்காமல் வேக வைத்தே கொடுக்கவும்.

கவனிக்க வேண்டியவை

கொள்ளு சாப்பிடுகிறோம் என்று நீரிழிவு மாத்திரையை நிறுத்தக் கூடாது. இதில் பொட்டாசியம் அதிகம் என்பதால், சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்பே உண்ண வேண்டும். கல்லைக் கரைக்கும் என்று நம்பி, இடுப்பு வலியுடன் காய்ச்சலும் வந்த பிறகு வீட்டில் கொள்ளு நீர் குடித்துக் காத்திருப்பது ஆபத்து. உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வாரம் இரண்டு நாள் சாம்பாருக்குப் பதிலாகக் கொள்ளுப் பருப்பு செய்து பாருங்கள்.