ஈரலில் நீர்க்கட்டி: ஆடு, நாய், நாம்

இந்த மாதப் பாடம் ஆடு வளர்க்கிற நம் எல்லோருக்கும். ஆடு இல்லாதவர்களும் படியுங்கள், வாசலில் நாய் படுத்திருந்தால் உங்களுக்கும்தான்.

கெடா வெட்டும்போது நம்மில் பலர் பார்த்திருப்போம். ஈரலை அறுத்தால் உள்ளே எலுமிச்சம்பழம் மாதிரி வெள்ளையாக ஒரு நீர்க்கட்டி இருக்கும். சில ஆட்டுக்கு நுரையீரலிலும் இருக்கும். "கட்டி விழுந்த ஈரல், ஆகாது" என்று அந்தத் துண்டை அறுத்து, வாலாட்டிக்கொண்டு நிற்கிற நாய்க்கு வீசிவிடுவோம். நாம் தின்னாமல் விட்டது சரி. நாய்க்குப் போட்டோமே, அங்கேதான் வினை ஆரம்பம்.

அந்தக் கட்டிக்குள் எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். நாய் அதைப் பச்சையாகத் தின்றால் அவை நாயின் குடலில் ஒட்டி வளரும். வளர்ந்த புழுவே அரிசி மணி நீளம்தான். அதனால் நாய் இளைக்காது, சோராது. பார்த்தால் தெரியவே தெரியாது. ஆனால் சில வாரத்தில் அதன் மலத்தோடு முட்டைகள் வெளியே வரும். நம் கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல்லோடு சேர்த்து ஆடு அந்த முட்டையைத் தின்னும். மறுபடி ஆட்டின் ஈரலில் கட்டி விழும்.

இந்தச் சுற்றில் நாமும் மாட்டுகிறோம். முட்டை நாயின் ரோமத்தில் ஒட்டியிருக்கும். குழந்தை நாயைத் தடவிவிட்டு அதே கையால் முறுக்கு தின்னும். நாய் நடமாடுகிற இடத்தில் பறித்த கீரையைச் சரியாக அலசாமல் விட்டாலும் வாய்க்குள் போகும்.

"அப்போ ஆட்டுக்கறி தின்னக் கூடாதுங்களா?" என்று கேட்பீர்கள். தாராளமாகத் தின்னலாம். கறியிலிருந்தோ பாலிலிருந்தோ இந்த நோய் மனிதருக்கு வராது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கும் ஒட்டாது. நாயின் மலத்திலிருந்து வரும் முட்டைதான் காரணம்.

மனிதர் உடம்பில் கட்டி பெரும்பாலும் ஈரலில் விழும், அடுத்தபடியாக நுரையீரலில். மெதுவாகத்தான் வளரும். பத்து வருசம்கூட ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். பிறகு வலது விலாவுக்குக் கீழே பாரம், வலி. நுரையீரல் என்றால் இருமல், மூச்சுத் திணறல். நாமோ "கேஸ்" என்று சோடா குடித்துக்கொண்டிருப்போம். கட்டி உள்ளேயே உடைந்தால் திடீரென்று உயிருக்கே ஆபத்தாகும். இப்படி வலி நாள்பட இருந்தால், "நாங்க ஆடு, நாய் வளர்க்கிறோம்" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வயிற்று ஸ்கேனில் ஈரல் கட்டி தெரியும். கட்டியைப் பொறுத்து மாதக்கணக்கில் மாத்திரை, இல்லையென்றால் ஆபரேசன். பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற ஒற்றைப் பூச்சி மாத்திரை இதற்குப் போதாது.

நம் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. 2024, 2025-ல் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் நமக்குத் தெரியும். செத்த ஆட்டைக் கிளுவை வேலி ஓரமாகவோ பள்ளத்திலோ எறிந்தால், அதே நாய்க்கூட்டம்தான் அன்று ராத்திரி வந்து ஈரலைத் தின்னும். இழப்பில் மனசு வெறுத்திருக்கும், குழி தோண்ட யாருக்குத் தெம்பு இருக்கும்? இருந்தாலும் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தே ஆகோணும்.

வெட்டின ஆட்டின் கழிவையும் புதையுங்கள். நாய்க்குப் போட்டே தீர வேண்டுமென்றால் முக்கால் மணி நேரமாவது நன்றாகக் கொதிக்க வையுங்கள். பட்டி நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிராசிகுவாண்டெல் கலந்த குடற்புழு மாத்திரை கொடுக்கோணும். அளவு நாயின் எடையைப் பொறுத்தது, கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை புழுவைத்தான் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் கொடுத்த முதல் இரண்டு நாள் நாயைக் கட்டிவைத்து, மலத்தை அள்ளிப் புதைக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கை கழுவுவதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

நடக்கிற காரியமா என்று சந்தேகமா? ஐஸ்லாந்து என்ற குளிர்தேசத்திலும் ஆடு வளர்க்கிற ஜனங்கள்தான். 1800-களில் அங்கே இந்த நீர்க்கட்டி ரொம்ப அதிகம். 1860-களில் ஹரால்ட் கிராபே என்ற டென்மார்க் நாட்டு மருத்துவர் எழுதிய சின்னப் புத்தகத்தை வீடு வீடாகக் கொடுத்தார்கள். கட்டி விழுந்த ஈரலை நாய்க்குப் போடாதே என்பதுதான் அதில் முக்கியம். பின்னால் நாய் வளர்ப்புக்குச் சட்டமும் வந்தது. இன்று இருப்பது போல மாத்திரையோ ஸ்கேனோ இல்லாத காலம் அது. சில தலைமுறைக்குள் நோய் அங்கே ஒழிந்துபோனது.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச: உங்கள் ஊரில் செத்த ஆட்டை எங்கே போடுகிறார்கள்? புதைக்கப் பொது இடம் உண்டா? இல்லையென்றால் கிராம சபையில் யார் எழுந்து கேட்பது?