பெல்ற் போல்ற்றின் கணக்கு

யப்பானில் ஓடிய காருக்குப் பக்கக் கண்ணாடி மாற்றுவது சின்ன வேலைதான். அங்கும் வீதியின் இடப்பக்கமே ஓடுவதால் இலங்கைக்கு அப்படியே பொருந்தும். மின்சாரத்தில் மடியும் கண்ணாடியென்றால் வயர்களை எண்ணிப் பார்த்து வாங்குங்கோ.

சீற் பெல்ற் அப்படியல்ல. மற்ற போல்ற்றெல்லாம் மில்லிமீற்றரில் இருக்க, பெல்ற்றைப் பிடிக்கும் போல்ற் பெரும்பாலும் அங்குலக் கணக்கு: 7/16, அங்குலத்துக்கு 20 புரி. தொலைந்தால் கைக்கு அகப்பட்டதைப் போடாதேங்கோ. 10 மில்லிமீற்றர் பிடிக்காது; 12 புகாது. முதல் வருடத்தில் நானும் 12ஐ நெம்பி முறுக்கினவன்தான். நல்லா இறுகின மாதிரியே இருந்தது. ஆசிரியர் கழற்றச் சொன்னார். போல்ற்றோடு புரியும் சுருளாக வந்தது!

வெடிமருந்தால் பெல்ற்றை இறுக்கும் மொடல் என்றால் முதலில் பற்றரியைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கோ. மோதலில் ஒருமுறை வெடித்தது மறுபடி உதவாது, முழுதாக மாற்றவேணும்.