முத்திரை சொல்லும் மெய்யும் பொய்யும்

காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் குவிந்த பொதிகளின்மீது சோழரின் புலிப்பொறி இடப்பட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. சங்கப் புலவர் சிலரின் பெயரோடு 'வண்ணக்கன்' என்னும் அடைமொழி சேர்ந்து வருகிறது. நாணயத்தையும் பொன்னையும் நோட்டம் பார்ப்பவன் என்று அதற்குப் பொருள் கூறுவர். பொறி இடுவார் இருந்த நாட்டில் நோட்டம் பார்ப்பாரும் தேவைப்பட்டனர் என்பதே ஈண்டு நாம் கருதத்தக்கது.

நம் துறையின் பழம்பொருட் காட்சிக்காக இராசபாளையத்திலிருந்தும் திருவில்லிபுத்தூரிலிருந்தும் மாணவர்கள் தத்தம் வீட்டுப் பொருள்களைக் கொண்டுவந்தபோதுதான் இவ்வெண்ணம் எமக்குத் தோன்றியது. இராசபாளையத்து மாணவர் ஒருவர் பட்டுத்துணியில் சுற்றிய பன்னீர்ச் செம்பு ஒன்றை எடுத்து வைத்தார். தமக்கையின் திருமணச் சீருக்காக அவருடைய தந்தையார் 18,000 ரூபாய் கொடுத்து வாங்கியது அது. விக்டோரியா அரசி காலத்து இங்கிலாந்து வெள்ளி என்று விற்றவர் சொன்னாராம். அடிப்பகுதியில் நடக்கும் சிங்கம், விக்டோரியாவின் தலை, 925 என்னும் எண் ஆகிய மூன்று முத்திரைகள் இருந்தன. பார்த்தவுடன் நாமும் மயங்கினோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இம்முத்திரைகளின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இங்கிலாந்தில் வெள்ளியின் தரத்தைச் சோதித்துச் சிறுத்தைத் தலை பொறிக்கும் சட்டம் 1300இல் வந்தது. 1478 முதல் இலண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் மாளிகையிலேயே, அதாவது 'ஹால்' எனப்படும் இடத்திலேயே, சோதனை நடைபெற்றது. 'ஹால்மார்க்' என்னும் பெயர் அதனால் வந்ததே. நடக்கும் சிங்கம் 1544இல் சேர்ந்தது. ஆண்டுதோறும் மாறும் ஓர் எழுத்தும், செய்தவரின் பெயர்க்குறியும் உடன் இருக்கும். அரசரின் தலை, வரி செலுத்தியமைக்கு அடையாளம். 1784இல் தொடங்கி 1890இல் நின்றுபோயிற்று. அந்நாட்டில் செய்த வெள்ளிக்கு 925 என்னும் எண்ணை முத்திரைச் சாலைகள் கட்டாயமாக இடத் தொடங்கியது 1999இல்தான்.

இனி அச்செம்பைத் திரும்பப் பாருங்கள். 1890இல் நின்ற முத்திரையும் 1999இல் வந்த முத்திரையும் ஒரே அடிப்பகுதியில் அருகருகே நிற்கின்றன! ஆண்டெழுத்து இல்லை; செய்தவர் குறியும் இல்லை. மாணவரையும் அழைத்துக்கொண்டு திருவில்லிபுத்தூரில் முதிய பொற்கொல்லர் ஒருவரிடம் சென்றோம். அவர் ஏதும் பேசாமல் அரத்தால் அடிவிளிம்பை மெல்லத் தேய்த்தார். பித்தளையின் மஞ்சள் தெரிந்தது.

முத்திரை பொருளின் வயதை நிறுவிவிடாது. ஆனால் இன்ன ஆண்டுக்கு முற்பட்டதாக இருக்க இயலாது என்று உறுதியாகச் சொல்லும். நம் வீடுகளில் பரணில் கிடக்கும் கண்ணாடிக் கிண்ணத்தையோ பீங்கான் தட்டையோ கவிழ்த்துப் பார்க்கலாம். 'செக்கோஸ்லோவாக்கியா' என்று பொறித்த பொருளை 150 ஆண்டுப் பழமை என்று ஒருவர் விலை சொன்னால், அந்நாடு பிறந்ததே 1918இல் என்பதை நினைவூட்டினால் போதும். சப்பானியப் பீங்கானில் 'நிப்பான்' என்றிருந்தால் பெரும்பாலும் 1891க்கும் 1921க்கும் இடைப்பட்டது. அமெரிக்கச் சுங்கச் சட்டத்தின் பொருட்டு இடப்பட்ட குறி அது. அதன்பின் 'ஜப்பான்' என்றே இட்டனர். வரலாற்றுப் பாடம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று என்று மாணவர்க்கு நாம் சொல்வதுண்டு.

வெள்ளியில் மற்றொரு மயக்கம் 'இ.பி.என்.எஸ்.' என்னும் எழுத்துகளால் விளைவது. நான்கு சிறு கட்டங்களுக்குள் அலங்கார எழுத்தில் இருப்பதால் ஹால்மார்க் போலவே தோன்றும். உண்மையில் அது 'ஜெர்மன் சில்வர்' என்று நம் பாட்டியார் அழைத்த உலோகத்தின்மேல் மின்னாற்றலால் வெள்ளி முலாம் பூசியது. செய்தவர் எவரையும் ஏமாற்றவில்லை, உள்ளதைத்தான் பொறித்தார். படிக்கத் தெரியாதவரிடம் விற்பவரே ஏமாற்றுகிறார்.

ஆங்கிலேயர் ஆட்சியில் நம் நாட்டில் அரசு முத்திரைச் சாலை இருந்ததில்லை. சென்னை பி. ஓர் அண்டு சன்ஸ் போன்ற நிறுவனங்கள் தம் பெயரையே பொறித்தன. தெய்வ உருவங்கள் புடைத்து நிற்கும் அவர்களுடைய வெள்ளிப் பாத்திரங்களுக்கு இன்று மதிப்பு மிகுதி. ஆகவே பெயரை மட்டும் போலியாகப் பொறிப்பதும் எளிது. பழைய பொறிப்பின் விளிம்பு, பொருளோடு சேர்ந்து தேய்ந்து மழுங்கியிருக்கும். பாத்திரம் தேய்ந்திருக்க முத்திரை மட்டும் கூர்மையாக நின்றால் ஐயுறல் வேண்டும்.

இவற்றினும் கொடியது, இராமர் பட்டாபிடேகமும் 1818 என்னும் ஆண்டும் பொறித்த 'கிழக்கிந்தியக் கம்பெனி' காசு. கம்பெனியின் வராகன் பொன்னில் திருமால் உருவம் உண்டு என்பது மெய்யே. அந்த ஒரு மெய்யைப் பற்றிக்கொண்டு, கம்பெனி ஒருபோதும் அடிக்காத காசை விற்கின்றனர். அரிசியை இழுக்கும் கலசம், இரிடியம் என்று கூறி வீடு, நிலங்களை விற்கச் செய்யும் கூட்டங்களைப் பற்றி நாளேடுகளில் எத்தனை முறை படித்துவிட்டோம்!

முத்திரையே இல்லாத பொருளுக்கு என் செய்வது? சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் இத்தகைய தர முத்திரை கிடையாது. மெழுகு வார்ப்பில் அச்சை உடைத்தே உருவை எடுப்பர். ஆதலால் ஒன்றுபோல் மற்றொன்று அமையாது. சிவபுரத்து நடராசர் 1950களில் பழுது பார்க்கக் கொடுக்கப்பட்டபோது, திரும்பி வந்தது புதுப்படிமம். ஊரார் அதனையே வணங்கினர். 1965இல் பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட், கோயிலில் இருப்பது மூலமன்று என்று எழுதிய பின்னரே உலகம் அறிந்தது. அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் வாங்கியிருந்த மூலம் 1986இல் நாடு திரும்பியது. வெளித்தோற்றம் ஒத்திருத்தல் சான்றாகாது என்பதைப் பாண்டியன் அவை முன்னரே கண்டது: இரு சிலம்பும் புறத்தே ஒன்றுபோல் இருந்தன, உடைத்த பின்னரே முத்தா மாணிக்கமா என்பது தெரிந்தது. அதற்குள் கோவலன் உயிர் போய்விட்டது.

இன்று தங்கநகை வாங்குவோர்க்கு வழி எளிது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை 2000இல் தங்கத்துக்கும் 2005இல் வெள்ளிக்கும் வந்தது. தங்கத்துக்கு 2021 சூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. முக்கோணக் குறி, தரம், ஆறு இலக்க அடையாளக் குறியீடு ஆகிய மூன்றும் இருத்தல் வேண்டும். அக்குறியீட்டைக் கைப்பேசிச் செயலியிலேயே சரிபார்க்கலாம். திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கும் 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் பெட்டியில் ஊர்ப்பெயரை அச்சிட்டு எங்கோ கிண்டியதை விற்பார் குறைந்தபாடில்லை.

அம்மாணவரின் தந்தையார் விற்றவரைத் தேடிச் சென்றபோது கடை பூட்டிக் கிடந்தது. செம்பைச் சீர்வரிசையில் வைக்க அவர் விரும்பவில்லை. எம் பாட்டியாருக்குத் திருமணத்தில் வந்த பன்னீர்ச் செம்பு ஒன்று எம் இல்லத்தில் உண்டு. எம்முத்திரையும் அற்ற வெறும் பித்தளை. அதனைத் துலக்கி அவ்வீட்டுத் திருமணத்துக்கு அனுப்பிவைத்தோம். போலிச் செம்பு நம் துறை அலமாரியில் இருக்கிறது. விரும்புவோர் வந்து கவிழ்த்துப் பார்க்கலாம்.