பத்து ரூபாய்ப் பங்கில் ஒரு பாங்கி

வியாபாரத்துக்கு முதல் வேண்டும். முதலைவிட நாணயம் வேண்டும். நாம் அறிந்த இப்பாடத்தை ஏழைப் பெண்கள் சங்கம் வைத்து நடத்திக் காட்டிய வரலாறு ஒன்று உண்டு. அதுவே அகமதாபாத் நகரின் 'சேவா' என்னும் சுயதொழில் பெண்கள் சங்கம்.

அகமதாபாத் துணி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். ஆலைத் தொழிலாளருக்கு அங்கே சங்கம் இருந்தது. ஆனால் ஜவுளிக் கடைகளுக்குத் தலைச்சுமை தூக்கும் பெண்களுக்கும், தெருவில் காய்கறி விற்போருக்கும், துண்டுத் துணிகளை வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்போருக்கும் யாதொரு ஆதரவும் இல்லை. வழக்கறிஞர் இலா பட் அம்மையார் 1972ல் இவர்களை ஒன்று திரட்டினார். தொழிற்சங்கமாகப் பதியப் போனபோது அதிகாரிகள் மறுத்தனர். முதலாளியே இல்லாதவர்கள் யாரை எதிர்த்துப் போராடுவார்கள் என்பது அவர்கள் கேள்வி. சங்கம் ஒருவரை எதிர்ப்பதற்காக அன்று, உழைப்பவர் ஒன்றுபடுவதற்காக என்று வாதாடிப் பதிவு பெற்றனர் அப்பெண்கள்.

அடுத்த தொல்லை கடன். காலையில் கடன் வாங்கிச் சரக்கெடுப்பதும், மாலையில் வட்டியோடு திருப்புவதும் தெரு வியாபாரிகளின் வழக்கம். கணக்குக்காக, 100 ரூபாய்க்கு அன்றாட வட்டி 10 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தே நாளில் வட்டி முதலுக்குச் சமம். ஆயினும் பதினோராம் நாள் காலையில் கையில் முதல் இல்லை! உழைப்புக் குறைவால் வந்த ஏழ்மையா இது?

ஆகவே 1974ல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டுத் தங்களுக்கென ஒரு கூட்டுறவு பாங்கியைத் தொடங்கினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவருக்குப் புகைப்படமே அடையாளமாயிற்று.

வீட்டிலிருந்து கூலிக்கு உழைப்போரும் தொழிலாளரே என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1996ல் உடன்படிக்கை செய்தது. அதற்காகப் பாடுபட்டோரில் சேவா முக்கியமானது. இலா பட் அம்மையார் 2022ல் காலமானார். சங்கத்தில் இன்று 20 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள்.

கடை வைத்திருக்கும் நமக்கு இதில் பாடம் உண்டு. பலகாரம் செய்து தருபவரும், துணி தைத்துத் தருபவரும் நம்மைப் போல் வியாபாரிகளே. "அடுத்த வாரம் வாருங்கள்" என்று நாம் நிறுத்தி வைக்கும் பணம் அவருடைய நாளைய முதல். அதைத் தாமதித்தால் அவரை வட்டிக்காரன் வாசலுக்கு அனுப்புகிறவர்கள் நாமே. அவர் பெயரிலும் பேரேட்டில் ஒரு பக்கம் எழுதுவோம்; சரக்கு வந்த அன்றே கணக்கைத் தீர்ப்போம்.